பொட்டு வைச்ச பிளொப்பி

அப்பா என்னட்டக் கேக்கேல்ல. அவளிட்டத்தான் கேட்டவர்.

நானும் அதே அறைக்குள்ளதான் நிண்டனான். பிரிண்டருக்குள்ள பேப்பர் சிக்கி, அதை இழுத்தெடுக்கிறதுக்காக நிலத்தில குந்தியிருந்தனான். என்ர மனிசி கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து ஆரோ ஒரு ஆளின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்புக் காட் செய்துகொண்டிருந்தவள். அப்பா வழக்கம்போல அவளுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு திரையைப் பாத்துக்கொண்டிருந்தவர். திடீரெண்டு, தேத்தண்ணி கேக்கிற குரலில, "பிள்ளை, நான் செத்தா என்ர கல்வெட்டை நீதான் செய்யவேணும், என்ன" எண்டார்.

கல்வெட்டு எண்டு நாங்கள் சொல்லுறது கல்லில வெட்டுறதை இல்ல. ஆள் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வாறவைக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம். முன்னுக்குப் படம், உள்ளுக்கு வாழ்க்கை வரலாறு, தேவாரம், மக்கள் புலம்பல், வம்சாவழி, கடைசியில நன்றி. அதைச் செய்விக்கிறது மூத்த மகன்ர பொறுப்பு. மூத்த மகன் நான். அந்தக் கொம்பியூட்டரும் நான் வாங்கினது. அந்த நேரம் நான் அவரின்ர காலடியில, கையெல்லாம் கறுப்பு மையோட குந்தியிருக்கிறன். தலையைக் கொஞ்சம் குனிஞ்சிருந்தாலே என்னட்டக் கேட்டிருக்கலாம்.

அவள், "சும்மா இருங்கோ மாமா, என்ன கதை இது" எண்டாள். ஆனா ஏலாது எண்டு சொல்லேல்ல. பேப்பரை இழுத்த இழுவையில அது கிழிஞ்சு பாதி உள்ளுக்கே நிண்டிட்டுது.

அந்தப் பெட்டி எங்கட வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னாத்தான் என்ர எரிச்சல் ஆருக்கும் விளங்கும். நான் துறைமுகத்தில ஒரு கப்பல் கந்தோரில எழுதுவினைஞர். லீவு போட்டுக் கொழும்புக்குப் போய், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில படுத்தெழும்பி, கொம்பியூட்டரில பக்கம் கட்டுற பேஜ்மேக்கர் படிச்சனான். வெளிநாட்டுக்குப் போக நிண்ட ஒரு ஆளிட்ட அவற்ற பழைய கொம்பியூட்டரை வாங்கினனான். மொனிட்டரைப் போர்வையால சுத்தி மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தனான். சண்டைக் காலம். வழியில இருந்த சோதனைச் சாவடி ஒவ்வொண்டிலையும் இறக்கி, போர்வையை அவிழ்த்து, திருப்பிச் சுத்தினது. ஒரு ஆமிக்காரன் "ரீவியோ" எண்டு கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டு ஓம் எண்டிருக்கலாம். இல்ல, இது அச்சடிக்கிறதுக்குப் பக்கம் கட்டுற மெஷின் எண்டு விளங்கப்படுத்தப் போனன். அச்சடிக்கிறது எண்ட சொல்லைக் கேட்டோடன, இயக்க நோட்டீஸ் அடிக்கிற ஆள் எண்டு நினைச்சு, அவன்ர முகம் மாறிட்டுது. முழு பஸ்ஸும் எனக்காக வெயிலுக்குள்ள காஞ்சது.

நாங்கள் இருந்த ஓர்ஸ் ஹில்லில அப்ப வீட்டில கொம்பியூட்டர் வைச்சிருந்த ஆக்கள் மிச்சம் குறைவு. நான் அறையைக் கழுவி, செருப்போட வரக்கூடாது, தேத்தண்ணி கொண்டுவரக்கூடாது, ஈரக் கையால தொடக்கூடாது எண்டு சட்டம் போட்டன். மனிசி சுருக்கு வைச்சு ஒரு உறை தைச்சுத் தந்தாள். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கல்வெட்டு எண்டு ஊரில உள்ளதெல்லாம் என்ர கையால போகப்போகுது எண்டுதான் நான் நினைச்சன்.

ஆனா தமிழ் அடிக்கிறதுக்கு எனக்குக் கை வரேல்ல. பேஜ்மேக்கரில பெட்டி போடுவன், கோடு போடுவன், பூ வைப்பன். எழுத்தெண்டு வந்தா ஒரு விரலால தேடித்தான். அந்த எழுத்துருவில விசையெல்லாம் பழைய ரைப்ரைட்டர் ஒழுங்கில கிடந்தது. என்ர மனிசி கலியாணத்துக்கு முன்னம் ரைப்பிங் கிளாசுக்குப் போனவள். அதை நான் எப்பவாவது பெரிசா எடுத்தனானோ? பெண் பாக்கப் போன நேரம் அவளின்ர தாய் சொன்ன பத்துக் கதையில அதுவும் ஒண்டு.

முதல் அவள் வாசலில நிண்டு, "அது இடப்பக்கம் கிடக்கு, இஞ்சருங்கோ" எண்டு சொல்லுவாள். பிறகு நான் கந்தோருக்குப் போன நேரத்தில கதிரையில இருந்து பாத்திருக்கிறாள். ஒரு நாள் வேலை முடிஞ்சு வாறன், கிண்ணியாவில இருந்து ஒரு முதலாளி மகளின்ர நிக்காஹ் காட்டுக்கு வந்து, சொல்லி, அடிப்பிச்சு, சரி பாத்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டும் போயிட்டார். குசினியில அவர் குடுத்திட்டுப் போன ஒரு சட்டி எருமைத் தயிர். காட் நல்ல வடிவாம், அவருக்கு நல்ல சந்தோசமாம். நான் பிரதியை வாங்கிப் பாத்தன். பிழை பிடிக்க ஒண்டுமில்ல. வீட்டில எல்லாரும் சீனி போட்டுத் தயிர் சாப்பிட்டவை. நான் தொடேல்ல.

அதுக்குப் பிறகு கேற்றடியில வந்து நிக்கிற ஆக்கள் என்னைக் கண்டா, "தங்கச்சி நிக்கிறாவோ" எண்டுதான் கேப்பினம். நான் நிக்கிறன், சொல்லுங்கோ எண்டா, "இல்ல, அவ வரட்டும்" எண்பினம். புல்மோட்டையில இருந்து ஒரு ஆள் மகன்ர கலியாணக் காட்டுக்கு வந்தவர். மனிசி கடைக்குப் போயிருந்தாள். வாங்கோ, நான் செய்து தாறன் எண்டன். அவர் மரியாதையாத்தான், "பரவாயில்ல ஐயா, நான் நிக்கிறன்" எண்டு வேப்ப மரத்துக்குக் கீழ போய் நிண்டார். எங்கட ரோட்டில மாடு மாதிரித் திரியிற மானில ஒண்டு அவற்ற பைக்குள்ள தலையை விட்டு, எழுதிக்கொண்டு வந்த பேப்பரைத் திண்டுபோட்டுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். அவள் வந்தாள், அவரை இருத்தி வாயால கேட்டுக் கேட்டே முழுக்க அடிச்சுக் குடுத்தாள். ஆள் கும்பிட்டுக்கொண்டு போனார்.

ஊராக்களை விடுவம். அவைக்கு வேலை நடந்தாச் சரி. அப்பா அப்பிடியே?

அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில ஸ்டோர்க்கீப்பரா இருந்து பென்சன் எடுத்தவர். கதை குறைவு. எனக்கு ஞாபகம் தெரிஞ்ச நாளில இருந்து என்னை அவர் ஒண்டுக்கும் நல்லம் எண்டு சொன்னதில்ல, கூடாது எண்டும் சொன்னதில்ல. அந்த மனிசன், மருமகள் கொம்பியூட்டரில இருந்தா பக்கத்தில வந்து இருந்துவிடுவார். "அந்தப் பூவைக் கொஞ்சம் மேல ஏத்து, பிள்ளை. எழுத்து முட்டுது." அவள் ஏத்துவாள். "ஆ, இப்ப சரி." அதே கதையை நான் சொன்னா அவள் ஓம் ஓம் எண்டிட்டு, பூவை இருந்த இடத்திலயே விட்டிருவாள்.

அவள் எழும்பி நான் இருந்தனோ, அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பாப்பார். பிறகு, "தம்பி, பேப்பர் வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பாக்கிறன்" எண்டு எழும்பிப் போயிடுவார். பேப்பர் வாறது காலமை. பின்னேரம் போய் அவர் எந்தப் பேப்பரைப் பாக்கிறவர்? நான் கேக்கேல்ல. பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒரு விரலால அடிச்சுக்கொண்டிருப்பன். பொச்சரிப்பு எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினமே, அந்த வயித்தெரிச்சல்தான். மனிசியைப் பாத்துப் பொச்சரிக்கிற ஒருத்தனை நீங்கள் கண்டிருக்க மாட்டியள். கண்ணாடியைப் பாத்தா நான் காணுவன்.

கல்வெட்டுக் கதை வந்த பிறகு அப்பா தன்ர வாழ்க்கையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். நான் வேலைக்குப் போன பிறகு, சமையல் முடிஞ்சு அவள் வந்து இருக்கிற நேரத்தில. அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைச்சா கதை நிண்டிரும். அவள் அடிச்சதைச் சேமிச்ச பிளொப்பியை வெளியில எடுத்து வைச்சிடுவாள். அதுவும் என்ர சட்டம்தான். கொம்பியூட்டருக்குள்ள ஒண்டும் சேமிச்சு வைக்கக்கூடாது, இடம் நிரம்பிப் போகும், எல்லாம் பிளொப்பியிலதான். இடம் நிரம்பும் எண்டது ஒரு சாட்டு. புதுப் பிளொப்பி வைக்கிற அலுமாரித் திறப்பு என்ர கையில. ஒண்டுக்காவது அவள் என்னட்ட வந்து நிக்கட்டும் எண்டு பாத்தன்.

ஒருக்காக் கேட்டன். "எனக்குச் சொல்லாத என்னத்தை அவர் உனக்குச் சொல்லுறார்?"

"கேட்டா உங்களுக்கும் சொல்லுவார்" எண்டாள்.

நான் கேக்கேல்ல. ஏன் கேக்கவேணும்? பெத்த மகன், அவராச் சொல்லட்டும்.

அந்த வருசம் சரஸ்வதி பூசை வந்தது. புத்தகம், பேனையோட சேத்துக் கொம்பியூட்டரையும் பூசைக்கு வைக்கவேணும் எண்டு நான் நிண்டன். என்ர தொழில் மெஷின், என்ர கையாலதான் பூசை. அப்பா கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்தார். மொனிட்டருக்குச் சந்தனப் பொட்டு, மேல குங்குமம். பெட்டிக்கு ஒண்டு. பிரிண்டருக்கு ஒண்டு. பிளொப்பியெல்லாத்தையும் அடுக்கி முன்னால வைச்சு, புத்தக அடுக்கில மேல் புத்தகத்துக்கு வைக்கிற மாதிரி மேல கிடந்ததுக்குப் பொட்டு வைக்கப் போனன். ஒட்டியிருந்த பேப்பரில வைச்சா எழுதினது ஊறிப் போகும். அதால மற்றப் பக்கம், பளபளப்பா, வழுக்கித் திறக்கிற ஒரு தகடு இருக்குமே, அதில வைச்சன். நல்லாக் குழைச்ச சந்தனம். தகட்டின்ர விளிம்பு வரைக்கும் வட்டமாப் பூசினன்.

"வடிவா வைச்சிருக்கிறாய், தம்பி" எண்டார் அப்பா.

எனக்கு வேற என்ன வேணும். அண்டைக்கு முழுக்க நல்ல சந்தோசப் புழுகத்தில திரிஞ்சன். மோதகம் கூட ரெண்டு திண்டன். மேல கிடந்தது எந்தப் பிளொப்பி எண்டு நான் பாக்கேல்ல. பூசை முடிஞ்சு எடுத்து அடுக்கேக்க, சாமிக்கு வைச்ச பொட்டை அழிக்க மனம் வராமல் மனிசி அதை அப்பிடியே சாமி அறை மேசை லாச்சிக்குள்ள, திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறாள். அந்தக் கிழமையே அப்பாக்குக் காய்ச்சல். பிறகு நெஞ்சில சளி. பிறகு ஆஸ்பத்திரி. அவர் திரும்ப அந்தக் கதிரைக்கு வரேல்ல. கார்த்திகை மழைக்குள்ள அவரைக் கொண்டுபோய் எரிச்சிட்டு வந்தம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிஞ்சு எல்லாரும் ஹோலில இருக்கேக்க கல்வெட்டுக் கதை வந்தது. என்ர தங்கச்சி ஒரு யோசனையும் இல்லாமல், "மச்சாள் இருக்கிறா தானே, அவ வடிவாச் செய்வா" எண்டாள். வெளிநாட்டில இருந்து ரெலிபோன் எடுத்த தம்பியும் அதைத்தான் சொன்னவனாம். எனக்கு வந்த கொதியில குரல் எழும்பிட்டுது.

"நான் செய்வன். அப்பாவும் என்ர. கொம்பியூட்டரும் என்ர."

மனிசி எழும்பிப் போய், சாமி அறையில இருந்து அந்தப் பிளொப்பியைக் கொண்டுவந்து என்ர கையில வைச்சாள். "மாமா சொன்னதெல்லாம் இதுக்குள்ள கிடக்கு. நீங்களே செய்யுங்கோ." குத்தலாச் சொல்லேல்ல. குத்தலாச் சொல்லியிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும்.

நான் உறையை எடுத்து, கொம்பியூட்டரைப் போட்டு, பிளொப்பியை உள்ளுக்குத் தள்ளினன். சாதாரணமா "டக்" எண்டு போய் நிக்கிறது, அண்டைக்கு இறுகி இறுகிப் போச்சு. பிறகு ஒரு சத்தம். தேங்காய் துருவுற சத்தம். வாசிக்க ஏலாது எண்டு திரையில வந்தது. திருப்பிப் போட்டன். திருப்பி அதே சத்தம். வெளியில எடுத்துப் பாத்தா, தகடு பாதி திறந்தபடி ஒட்டிப்போய் நிக்குது. காஞ்ச சந்தனம் பொருக்குப் பொருக்கா உள்ளுக்கு இறங்கி, வட்டத்தட்டு முழுக்கக் கீறல்.

அவள் பிளொப்பியைப் பாத்தாள். என்னைப் பாத்தாள். பொட்டு ஆர் வைச்சது எண்டு அந்த வீட்டில எல்லாருக்கும் தெரியும்.

பஜாரில கொம்பியூட்டர் திருத்துற ஒருத்தரிட்டக் கொண்டுபோனன். அவர் பஞ்சால துடைச்சார், ஊதினார், தன்ர மெஷினில போட்டுப் பாத்தார். கடைசியில, "அண்ணை, இதுக்கு ஏன் பொட்டு வைச்சனீங்கள்" எண்டு கேட்டார். சரஸ்வதி பூசை எண்டன். அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. என்ர முகத்தைப் பாத்து அடக்கிக்கொண்டார். ஒண்டும் எடுக்க ஏலாதாம்.

கொம்பியூட்டருக்குள்ள ஒரு பிரதி கிடந்திருந்தாத் தப்பியிருக்கும். கிடக்கக்கூடாது எண்டு சட்டம் போட்டவன் வேற ஆரும் இல்ல.

அண்டைக்கு மத்தியானம் அவள் அறைக்குள்ள வந்தாள். விசைப்பலகைக்கு முன்னால இருந்த கதிரையில அவளே இருந்து அடிச்சிருந்தா வேலை ஒரு நாளில முடிஞ்சிருக்கும். அவள் இருக்கேல்ல. அப்பாட கதிரையை இழுத்துப் பக்கத்தில போட்டுக்கொண்டு, "இருங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் அடியுங்கோ" எண்டாள்.

எல்லாம் அவளுக்கு ஞாபகம். வெருகல் பக்கம் பிறந்து, ஆத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனது. சீனன்குடாவில வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இரவல் சப்பாத்து பெரிசெண்டு உள்ளுக்குக் கடதாசி அடைஞ்சுகொண்டு போனது. அம்மாவைப் பெண் பாக்கப் போனது இவர் இல்லையாம், இவரின்ர கூட்டாளியாம். துணைக்குப் போன இவர்தான் கட்டினவராம். நான் ஒரு விரலால அடிச்சன். ஒவ்வொரு வசனத்துக்கும் எனக்கு எரிஞ்சது. இது ஒண்டும் எனக்குத் தெரியாது. நாப்பது வருசம் ஒரு வீட்டில இருந்த மகனுக்குத் தெரியாதது, பிறத்தியில இருந்து வந்தவளுக்கு மனப்பாடம். நான் பிறந்த நேரம் அப்பா வேலையில நிண்டு, பஸ் இல்லாமல் சீனன்குடாவில இருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தவராம். என்ர பிறப்பையும் அவள்தான் சொல்லுறாள், நான் கேட்டு அடிக்கிறன்.

இடைக்கிடை கரண்ட் மினுங்கும். ரெண்டு வரிக்கு ஒருக்கா சேமிக்கச் சொல்லி அவள் ஞாபகப்படுத்துவாள். "எங்க சேமிக்கிறது" எண்டு கேட்டன். "ரெண்டிலயும் வையுங்கோ" எண்டாள்.

கடைசிக்கிட்ட அவள் நிப்பாட்டினாள். "இன்னும் ஒண்டு இருக்கு. அதைப் போடுறதோ விடுறதோ நீங்கள் பாருங்கோ."

"சொல்லு."

அப்பா சொன்ன மாதிரியே சொன்னாள். "பெரியவன் இருந்து அடிக்கேக்க நான் பக்கத்தில இருந்தா அவனுக்குக் கை தடுமாறுது, பிள்ளை. சின்னனில கணக்குச் செய்யேக்கையும் அப்பிடித்தான். நான் பாத்தா சரியாத் தெரிஞ்சதையும் பிழைவிடுவான். அதுதான் நான் பேப்பரைச் சாட்டி எழும்பிப் போறனான். அங்கால குசினி யன்னலால பாத்தா அவன் அடிக்கிறது வடிவாத் தெரியும்."

நான் திரையைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"இதை அவர் எப்ப சொன்னவர்?"

"ஒரு நாள்."

"எந்த நாள்?"

"ஞாபகமில்ல" எண்டாள்.

இரவல் சப்பாத்துக்குள்ள அடைஞ்ச கடதாசி வரைக்கும் ஞாபகம் இருக்கிறவளுக்கு இது மட்டும் ஞாபகமில்லையாம். என்னைத் தேத்துறதுக்காக அவளே கட்டின கதையோ? அந்தப் பிளொப்பியைத் திறந்தாத் தெரியும். அதுக்குள்ளதான் நான் சந்தனம் அப்பி வைச்சிருக்கிறன்.

விசையில விரலை வைச்சன். முதல் எழுத்து எங்க கிடக்கு எண்டு தெரியேல்ல. அவ்வளவு நேரமும் அடிச்ச எழுத்துத்தான். அவள் என்ர கையைப் பாத்தாள். பிறகு எழும்பி, "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" எண்டு குசினிப் பக்கம் போனாள். நான் அடிச்சன். யன்னல் பக்கம் திரும்பிப் பாக்கேல்ல.

கல்வெட்டு முப்பத்தோராம் நாளுக்கு வந்திட்டுது. எழுத்துப் பிழை கொஞ்சம், படம் கொஞ்சம் சரிவு. வந்தவை நல்லம் எண்டவை. தங்கச்சி புரட்டிப் பாத்திட்டு, "மச்சாள் செய்திருந்தா..." எண்டு தொடங்கி, என்னைக் கண்டு விட்டிட்டாள். அந்தக் கடைசி வசனத்தை நான் அடிச்சனான். ஆனா அச்சுக்குக் குடுக்கேல்ல. அது ஊருக்குக் குடுக்கிற சாமான் இல்ல.

இப்ப அந்தக் கொம்பியூட்டர் இல்ல. மனிசி காட், நோட்டீஸ் எல்லாம் போனிலயே செய்து அனுப்புறாள், கேற்றடிக்கு ஆக்கள் வாறதும் நிண்டுபோச்சு. பிளொப்பி மட்டும் சாமி அறை லாச்சிக்குள்ள கிடக்கு. போட்டுப் பாக்க ஒரு மெஷினும் ஊரில இல்ல. இருந்தும், வருசத்தில ஒருக்காவாவது நான் அவளைக் கேக்கிறனான். உண்மையா அவர் அப்பிடிச் சொன்னவரோ எண்டு. அவள் போனில இருந்து தலையை எடுக்காமல், "ஓம், சொன்னவர்" எண்பாள்.

சொன்னவர் எண்டே வைச்சுக்கொள்ளுவம். அதையும் அவளிட்டத்தான் சொன்னவர்.